நெப்ராஸ்கா அணி: பயிற்சியாளர் மாறியும் தோல்வி தொடர்ந்தது ஏன்?

1990களில் மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, பயிற்சியாளர்களை மாற்றிய பின்னும் ஏன் தேறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுதோறும் குறைந்தது 9 வெற்றி ஈட்டித் தந்த பயிற்சியாளர் போ பெலினியை 2014இல் நீக்கியதே, என் கணிப்பில், சறுக்கலின் தொடக்கம். அடுத்து வந்த மைக் ரைலி, 2018இல் வந்த ஸ்காட் ஃப்ராஸ்ட் ஆகியோரின் ஆட்டமுறைகள் வெவ்வேறானவை என்பதால், ஒருவர் சேர்த்த வீரர்கள் மற்றவருக்குப் பொருந்தவில்லை. 2011இல், டெக்சாஸ் அணிகள் இருந்த போட்டிக் குழுவை விட்டு பிக் டென் என்ற வேறொரு பல்கலைக்கழகப் போட்டிக் குழுவுக்கு மாறியதில் டெக்சாஸ் வீரர்களுடனான தொடர்பும் தளர்ந்தது. மக்கள்தொகை குறைந்த சொந்த மாநிலமோ அந்த இடத்தை நிரப்பப் போதாது.

திறமை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது: 2021இல் தோற்ற 9 ஆட்டங்களில் ஒன்றில்கூட வித்தியாசம் 9 புள்ளிகளைத் தாண்டவில்லை. அவற்றில் ஒன்றில், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 20-13 என முன்னிலையில் இருந்தபோது, நெப்ராஸ்கா உதைத்த பந்து அதன் தடுப்பாளர்கள் ஓடிய திசைக்கு எதிர்ப்பக்கம் போக, எதிரணி வீரர் ஜேடன் ரீட் அதை எடுத்து ஓடிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஆட்டம் 20-23 எனக் கைநழுவியது.