நாட்பட்ட நெஞ்சு நோய்க்கு மாதக்கணக்கில் அன்ரிபயோட்டிக் குடிக்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்கு சீஓபீடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டும் நாட்பட்ட நோய்), அடிக்கடி சளி முற்றி வார்ட்டில் நிற்கிறார். கிளினிக்கில் அசித்ரோமைசின் 250 மில்லிகிராம் குளிசையைக் கிழமைக்கு மூன்று நாள், ஒரு வருடத்துக்கு எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலே இல்லாமல் எதற்கு என்று பயப்படுகிறீர்கள்.

இது பிழையான வைத்தியம் இல்லை. இந்த மருந்து கிருமியை அடக்குவதோடு மூச்சுக்குழாயின் அழற்சியையும் தணிக்கும். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,142 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடம் தினமும் இதைக் குடித்தார்கள். வெற்றுக் குளிசை குடித்தவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 1.83 தடவை நோய் முற்றியது, இவர்களுக்கு 1.48 தடவை. புகைப்பதை விடாதவர்களுக்குப் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா இன்னும் சுருட்டுப் பிடிக்கிறார் என்றால் முதலில் அதை நிறுத்தப் பாருங்கள்.

தொடங்க முன் ஈசிஜி எடுத்தார்களா, சளியைக் காசநோய்க்கும் அதைப் போன்ற வேறு கிருமிகளுக்கும் சோதித்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள். இந்த மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பும். வாந்திக்கு நாம் சாதாரணமாகப் போடும் டொம்பெரிடோனும் அப்படித்தான், அதனால் இரண்டும் சேரக்கூடாது. அப்பாவின் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஈரல் பரிசோதனையும் தேவை. காது கேட்பது குறையலாம், ரீவீச் சத்தத்தை வழக்கத்தைவிடக் கூட்டுகிறாரா என்று கவனியுங்கள். காது இரைந்தாலோ, நெஞ்சு படபடத்துத் தலை சுற்றினாலோ அடுத்த கிளினிக் திகதிவரை இருக்காமல் உடனே கூட்டிப் போங்கள். முக்கியமாக, வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு முடிந்த பிறகு பாமசியில் நீங்களாக வாங்கித் தொடராதீர்கள். பலன் இருக்கிறதா என்று பார்த்து, தொடர்வதா விடுவதா என்று வைத்தியர்தான் சொல்லவேண்டும்.