வாளையார் மக்னாவும் கொம்பனும் வேறு வேறு இனமா?
வாளையார் காட்டில் திரியும் மக்னா யானையும் கொம்பன் யானையும் ஒரே இனமா, அழிந்துபோன ரோம யானையான மாமூத்துக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தீர்கள். ஒரே இனம்தான். தந்தம் உள்ள ஆண் யானை கொம்பன், தந்தம் இல்லாத ஆண் யானை மக்னா, அவ்வளவே. பாலக்காட்டுக் கோயில் யானையும் அதே ஆசிய யானைதான்.

மாமூத் விஷயம்தான் சுவாரசியம். ஆப்பிரிக்க யானையைவிட நம் ஆசிய யானைதான் அதற்கு நெருங்கிய பங்காளி. மரபணு ஆய்வில் உறுதியான விஷயம் இது. ரோமத்தைப் பார்த்தால் யார் நம்புவார்கள்! ரஷ்யாவின் வடகோடியில் ஆர்க்டிக் கடலில் உள்ள ரேங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை மாமூத் வாழ்ந்தது. யானை போலவே இருந்து அழிந்துபோன மாஸ்டடான் வேறு குடும்பம்.

இன்று உயிரோடிருப்பவை மூன்று இனங்கள்: ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை. பின்னிரண்டையும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல் 2021-இல்தான் தனித்தனியாகப் பிரித்தது. அப்புறம், நர்மதைப் பள்ளத்தாக்கில் புதைபடிவமாகக் கிடைத்த பிரம்மாண்ட யானை நம் யானையின் முன்னோர் அல்ல, தனிக் கிளை.