கிட்டார் ஆம்பின் முன்னே மைக்கை எங்கே நிறுத்துவது? கேள்வி பதில்

கேள்வி: ஷூர் எஸ்.எம். 57 மைக்கை ஆம்பின் (கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டியின்) வலைத்துணியை ஒட்டி வைத்துப் பதிவு செய்கிறேன். ஒலி காதைக் கூசச் செய்கிறது. வேறு மைக் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1965 முதல் விற்பனையில் இருக்கும் அந்த மைக்கில் குறையில்லை. அது நிற்கும் இடத்தில்தான் குறை. ஸ்பீக்கரின் நட்டநடுவே உள்ள குமிழ்மூடியை மைக் நேராகப் பார்த்தால் கூரிய ஒலிகள் மிகுந்து வரும். குமிழைச் சுற்றியுள்ள கூம்பான கோனின் விளிம்பை நோக்கி நகர நகர ஒலி தடித்து மங்கும். வலைத்துணியின் மேல் டார்ச் அடித்து, குமிழ் முடிந்து கோன் தொடங்கும் வரம்பைக் கண்டுபிடித்து, அங்கே மைக்கை வைத்துத் தொடங்குங்கள். அங்கிருந்து ஒரு விரற்கடை நகர்த்தினால் கிடைக்கும் மாற்றத்தை, தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மணிக்கணக்காகத் தேடினாலும் எளிதில் பெற முடியாது. துணைக்கு ஆளில்லாவிட்டால், ஆம்பின் கெயினை (உள்வரும் ஒலிச் சைகையின் பெருக்கத்தை) ஏற்றி, அதன் வெற்று இரைச்சலை ஹெட்போனில் கேட்டபடியே மைக்கை நகர்த்திப் பாருங்கள். இரைச்சலின் சாயல் மாறுவது தெளிவாகவே கேட்கும். கிட்டார் அப்போது யார் மடியிலும் இருக்கக் கூடாது. ஒரு தந்தி தட்டுப்பட்டாலும் உங்கள் காதுக்குத்தான் கேடு.

கேள்வி: எனக்கு இதற்கு நேர்மாறு. அடித்தொனி குமுறுகிறது.

பதில்: கார்டியாய்டு வகை மைக்குகள் (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்குபவை) ஒலி மூலத்தை நெருங்க நெருங்க அடித்தொனியைக் கூட்டிக் காட்டும். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் பின்னுக்கு இழுங்கள். ஆம்ப் தரையில் இருந்தால் ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு மைக் வைத்தேன். தனித்தனியே நன்றாக இருப்பவை, சேர்த்துக் கேட்டால் சோகை பிடித்தாற்போல ஒலிக்கின்றன. ஏன்?

பதில்: இரண்டும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தொலைவில் இல்லை என்பதே காரணமாக இருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மைக் மற்றதைவிட 17 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் அதற்கு ஒலி அரை மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். அதனால் 1,000 ஹெர்ட்ஸ் அளவில் இரு அலைகளும் எதிரெதிராக மோதித் தேய்ந்துவிடும், 3,000 ஹெர்ட்ஸிலும் அப்படியே. இரு மைக்குகளின் முகப்பையும் ஒரே கோட்டில் நிறுத்துவது எளிய வழி. நான் விரும்புவது இன்னொன்று: ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது அதன் அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்கி, இரண்டையும் சம அளவில் மோனோவில் (ஒரே தடமாகக் கலந்து) கேட்டுக்கொண்டே மற்றதை நகர்த்தி, ஒலி மிக மெலிந்து போகும் இடத்தில் நிறுத்திவிட்டு, போலாரிட்டியைப் பழையபடி மாற்றிவிடுவேன். மெலிவைக் கண்டுபிடிப்பது செழுமையைக் கண்டுபிடிப்பதைவிடக் காதுக்குச் சுலபம்.

கேள்வி: ரிப்பன் மைக்கை (மெல்லிய உலோகப் பட்டை அதிர்ந்து ஒலியை வாங்கும் வகை) ஆம்பின் முன் வைக்கலாமா?

பதில்: தயாரிப்பாளர் சொல்லும் ஒலி அழுத்த வரம்புக்குள் தாராளமாக வைக்கலாம். காற்று நேராக ரிப்பனில் மோதாதபடி சற்றுச் சாய்த்து வையுங்கள். அதன் முதுகுப்பக்கமும் ஒலியை வாங்கும் என்பதால் பின்னால் உள்ள சுவரையும் கவனியுங்கள்.

கேள்வி: என் ஆம்பின் பின்புறம் திறந்திருக்கிறது. அங்கும் ஒரு மைக் வைத்தால் பயனுண்டா?

பதில்: உண்டு, ஒலியின் கனம் கூடும். ஆனால் கோன் முன்னால் தள்ளும்போது பின்னிருந்து பார்த்தால் விலகிப் போகிறது. ஆகவே பின் மைக்கின் போலாரிட்டியை மாற்றிவிட்டு, முன் மைக்கைவிடக் குறைந்த அளவில் மெல்லச் சேருங்கள்.