குதிகால் தரையில் இருக்கட்டும்: ஹெலிகாப்டர் பெடல் கேள்வி-பதில்

சிமுலேட்டரில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் பெடல் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். எல்லா ஊர்களும் பழைய வடஆற்காட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

விமானம் நன்றாக ஓட்டுகிறேன். ஹெலிகாப்டரில் ஹோவர் செய்தால் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தினால்) மட்டும் மூக்கு இடமும் வலமுமாக ஆடுகிறது. பாதம் முழுவதும் பெடல்மேல் இருக்க வேண்டுமா? (குடியாத்தம்)

வேண்டாம். குதிகால் தரையில் இருக்கட்டும். பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதை மேடு பெடலின் கீழ்ப்பகுதியைத் தொட்டால் போதும். விமானத்தில் பிரேக் பிடிக்கப் பாதத்தை மேலே ஏற்றுவோம். பெல் 206, ராபின்சன் ஆர்22 போன்றவை சக்கரமில்லாமல் சறுக்குக் கம்பிகள்மேல் நிற்பவை. அவற்றில் பிரேக்குக்கு வேலையே இல்லை. செட்டிங்ஸில் பிரேக் ஆக்சிஸை, அதாவது பெடலைப் பிரேக்கோடு இணைக்கும் அமைப்பை, எடுத்துவிடுங்கள்.

குதிகால் அந்தரத்தில் இருந்தால் இடுப்பிலிருந்து மொத்தக் காலையும் தள்ளுகிறீர்கள். அவ்வளவு கனமான காலை ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்த யாராலும் முடியாது. மோட்டார் வைத்த மிஷினில் தைக்கிற தையல்காரரின் காலைக் கவனியுங்கள். குதிகால் ஊன்றியே இருக்கும். வேகம் முழுவதும் கணுக்காலில் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சைக்ளிக்கை (ஹெலிகாப்டரை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் குச்சியை) பிடிக்கும் வலது முன்கையை வலது தொடைமேல் வைத்துக்கொள்வது ஹெலிகாப்டர் விமானிகளின் வழக்கம். காலை முழுசாகத் தள்ளினால் தொடை அசையும், கை அசையும், சைக்ளிக்கும் அசையும். மூக்கைத் திருத்தப் போய் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் ஓடிவிடும்.

இரண்டு பாதமும் எப்போதும் பெடலைத் தொட்டிருக்க வேண்டும். இடது கால் அழுத்தும்போது வலது கால் உடனே இடம் கொடுத்துவிடாமல், லேசாக எதிர்த்துக்கொண்டே பின்வாங்கட்டும். அந்த எதிர்ப்பில்தான் அளவு கிடைக்கும். உங்கள் பெடலின் தட்டு உயரத்தில் இருந்தால் குதிகாலுக்கு அடியில் பலகை போடுங்கள். நான் பழைய மனைப்பலகை ஒன்றைப் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு ஹோவர் கைவந்தது.

அழுத்தினால் நாற்காலி பின்னால் உருள்கிறது, பெடல் முன்னால் வழுக்குகிறது. (வாணியம்பாடி)

முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றுங்கள், அல்லது நாற்காலிக் காலையும் பெடலையும் நைலான் பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். டைல்ஸ் தரையென்றால் பெடலுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் நகராது.

நான் வேலை செய்வது ஷூ கம்பெனியில். எந்த மாதிரி ஷூ போட்டு ஓட்டலாம்? (ஆம்பூர்)

உங்களுக்குத் தெரியாததா! அடிப்பாகம் மெலிந்த, வளையக்கூடிய தோல் ஷூ அருமையாக இருக்கும். தடித்த அடிப்பாகமுள்ள ஓட்டப்பயிற்சி ஷூ வேண்டாம்; பெடல் எங்கே இருக்கிறது என்பதே பாதத்துக்குத் தெரியாமல் போகும். வெறுங்காலும் நல்லதுதான். ஆனால் நம் ஊர் மே மாத வெயிலில் பாதம் வியர்த்து வழுக்கும், பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். சாக்ஸ் மட்டும் போட்டு ஓட்டாதீர்கள்.

பெல் 206-இல் இடது காலுக்குப் பழகிவிட்டேன். மி-8-இல் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. பெடல் கோளாறா? (அரக்கோணம்)

கோளாறு இல்லை, ரோட்டர் (தலைக்குமேல் சுழலும் பெரிய விசிறி) சுற்றும் திசைதான் காரணம். பெல், ராபின்சன் போன்ற அமெரிக்க ஹெலிகாப்டர்களின் ரோட்டர், மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். கலெக்டிவை (ஹெலிகாப்டரை மேலே ஏற்றும் நெம்புகோலை) தூக்கினால் உடல் அதற்கு எதிராக வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். இடது பெடல் வேண்டும். ரஷ்ய மி-8, பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் எல்லாம் கடிகாரத் திசை. அங்கே வலது பெடல். உங்கள் ஊர் ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறதல்லவா, அங்கே பயிற்சிக்குப் பறந்த சேத்தக் ஹெலிகாப்டரும் பிரெஞ்சு அலுவெட் 3-இன் வழி வந்ததுதான். அதற்கும் வலது கால்தான்.

இதிலிருந்து இன்னொன்று புரியும். பெல் 206 ஹோவரில் இருக்கும்போது இடது பாதம் கொஞ்சம் முன்னால், வலது பாதம் கொஞ்சம் பின்னால் இருப்பதுதான் இயல்பு. இரண்டையும் சமமாக வைக்கப் போராடாதீர்கள். வீட்டுப் பெடலில் சிக்கல் ஸ்பிரிங்தான். அது எந்நேரமும் நடுவுக்கு இழுக்கும், நீங்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே பறப்பீர்கள். பெரும்பாலான சிறிய ஹெலிகாப்டர்களில் அப்படி நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் இறுக்கத்தை முடிந்தவரை தளர்த்துங்கள். நடுப்பகுதியை மென்மையாக்கும் வளைகோட்டு செட்டிங்கும் இங்கே உதவாது. உங்கள் பாதம் ஹோவரில் நடுவிலேயே இல்லையே!

அரைமணி நேரத்தில் முழங்காலுக்குப் பின்னால் வலிக்கிறது. (ஆரணி)

பெடல் தூரமாக இருக்கிறது. ஒரு காலை முழுக்க அழுத்திய நிலையிலும் அந்த முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். பெடலை ஒரு சாண் உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். அப்படியும் வலித்தால் நாற்காலி விளிம்பு தொடையின் அடியில் அழுத்துகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். அழுத்தினால் நாற்காலியைச் சற்றுத் தாழ்த்துங்கள்.