ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சுதந்திரம் தானாகவே கொடுக்கப்பட்டதா?

1960-ல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன, எனவே ஐரோப்பியர்கள் தாமாகவே கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றுதானே பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. அந்த 17-ல் 14 நாடுகள் பிரான்ஸின் ஆளுகையில் இருந்தவை. அவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வெளியேறிய, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கினியாவின் கதை தெரிந்தால் இப்படிக் கேட்கத் தோன்றாது.

1958 செப்டம்பர் 28 அன்று, பிரான்ஸின் அப்போதைய பிரதமர் தெ கோல் தமது புதிய அரசமைப்பைக் காலனிகளிலும் பொது வாக்கெடுப்புக்கு விட்டார். 'ஆம்' என்றால், பிரான்ஸும் அதன் காலனிகளும் சேர்ந்த 'பிரெஞ்சு சமூகம்' என்ற அமைப்புக்குள் தன்னாட்சி. ராணுவமும் நாணயமும் வெளியுறவும் பாரிஸ் கையில். 'இல்லை' என்றால் உடனடி விடுதலை. உதவிகள் அத்தோடு நின்றுபோகும். ஒரு மாதம் முன்பு கினியாவின் தலைநகர் கோனாக்ரிக்கு வந்திருந்த தெ கோலின் முகத்துக்கு நேராகவே, "அடிமைத்தனத்தில் செல்வத்தைவிட விடுதலையில் வறுமையையே விரும்புகிறோம்" என்றார் கினியாவின் தலைவர் செக்கு தூரே. கினியாவில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் 'இல்லை' என்றார்கள். மற்ற காலனிகள் எல்லாம் 'ஆம்' என்றன.

இதை ஒரு தலைவரின் துணிச்சலாக மட்டும் எழுதுபவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. தூரே அஞ்சல் துறையில் வேலை பார்த்துத் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். 1953-ல் வேலைநேரத்தைக் குறைத்த புதிய தொழிலாளர் சட்டத்தால் கூலி குறையக் கூடாது, மணிக்கூலியை 20 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று கினியாத் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிராமங்களிலிருந்து அரிசி வந்தது. சந்தைப் பெண்கள் வேலைநிறுத்தக் குடும்பங்களின் பசியாற்றினார்கள். வேலைநிறுத்தம் வென்றது. 1958-ல் விழுந்த வாக்குகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அக்டோபர் 2 அன்று விடுதலை. பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளை அழித்தார்கள், தொலைபேசிகளைப் பிடுங்கினார்கள், மருந்துகளைக்கூட எடுத்துப் போனார்கள். முந்தைய ஆண்டுதான் விடுதலை பெற்றிருந்த கானா, ஒரு கோடி பவுண்டு கடன் தருவதாக முன்வந்தது. 1960-ல் கினியா சொந்த நாணயம் வெளியிட்டதும், பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நோட்டுகளை நாட்டுக்குள் கொட்டியது.

தூரே பின்னாளில் கொடுங்கோலர் ஆனார் என்பதையும் மறைக்க முடியாது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளரான தியாலோ தெல்லி, 1977-ல் அவருடைய போய்ரோ சிறைமுகாமில் உணவும் நீரும் மறுக்கப்பட்டு இறந்தார். ஆனால் தூரேயின் கொடுமையைக் காட்டி 1958-ன் வாக்குகளைக் குறைத்துப் பேசுவது, வரிசையில் நின்று வாக்களித்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

1960-ல் விடுதலை பெற்ற பிரெஞ்சுக் காலனிகள் பல, ராணுவம், நாணயம் தொடர்பான ஒப்பந்தங்களிலும் சேர்த்தே கையெழுத்திட்டன. 'இல்லை' என்று சொன்ன கினியாவுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருந்த தலைவர்கள் அவர்கள். செனகலிலும் ஐவரி கோஸ்ட்டிலும் இன்றும் புழங்குவது பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக உருவாக்கிய, அந்தக் காலனிக் காலத்து நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்க்தான்.