ஊசிப்போச்சா, புளிச்சுப்போச்சா?

கேள்வி: நேற்று அரைத்த தேங்காய்ச் சட்னியை மோந்து பார்த்து "ஊசிப்போச்சு" என்றேன். "ஊசி எங்கேம்மா போச்சு?" என்கிறான் மகன். என்ன சொல்ல, ஐயா?

பதில்: தைக்கிற ஊசிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொல்லுங்கள். இது 'ஊசு' என்ற வினை. சமைத்த பண்டம் ஈரத்தோடு கிடந்து, கெட்டு, வாடை அடித்தால் ஊசிவிட்டது என்போம். சோறு, சாம்பார், சட்னி, உளுந்து வடை எல்லாம் ஊசும். பால் திரியும். தக்காளி அழுகும். கொப்பரை காறும். பழைய முறுக்கில் சிக்கு வாடை அடிக்கும். ரொட்டியில் பூசணம் பூக்கும். இத்தனை சொல் கையில் இருக்க, எல்லாவற்றையும் 'கெட்டுப்போச்சு' என்று முடித்துவிடுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கேள்வி: பழைய சோறும் ஊசல்தானே?

பதில்: சாப்பிடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்! தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பே மற்ற கிருமிகளை அடக்கி வைக்கும். அது புளித்த சோறு. தண்ணீர் விடாமல் அப்படியே மூடி வைத்த சோற்றைக் காலையில் தொட்டுப் பாருங்கள்: கொழகொழவென்று இருக்கும், விரலை எடுத்தால் கூடவே மெல்லிசாக நூல் வரும். நூல் விட்டுவிட்டால் மோந்து பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாமா?

பதில்: கொட்டிவிடுங்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடுகிற, வாந்தி வரவழைக்கும் நஞ்சு கொதித்தாலும் அழியாது.

கேள்வி: யாழ்ப்பாணத் தோழி "கறி பழுதாப் போச்சு, மணக்குது" என்கிறாள். மணக்கிறதா, நாறுகிறதா?

பதில்: நாறுகிறது. அங்கே கெட்ட வாடைக்கும் 'மணக்குது' என்பார்கள். நாம் சிரிக்க வழியில்லை. நாற்றம் என்றாலே நாம் மூக்கைப் பொத்துகிறோம். வள்ளுவரோ "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்று மொட்டுக்குள் இருக்கும் வாசனையைச் சொல்கிறார் (குறள் 1274).

கேள்வி: மேடையில் 'ஊசிப்போன வடை' என்கிறார்களே, ஏன் வடை?

பதில்: எடுபடாத பழைய பேச்சை அப்படிக் கிண்டல் செய்வார்கள். உளுந்து வடை காலையில் மொறுமொறு. மறுநாள் பிட்டால் இரண்டு பாதிக்கும் நடுவே நூல்.