மேற்குச் சுவருக்குப் பெட்டிச் செடி வேண்டாம், பந்தல் போடுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் 1,100 சதுர அடியில் வீடு கட்டியிருக்கிறோம். படுக்கையறைச் சுவர் மேற்குப் பார்த்தது, ராத்திரி பத்து மணிக்குத் தொட்டாலும் சுடுகிறது. பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் பார்த்த மாதிரி சுவர் முழுக்கச் செடி வைக்கலாமா, மொட்டை மாடியில் புல்தரை போடலாமா? போர் தண்ணீர் உப்புதான்.

பதில்: செடி வையுங்கள், அவசியம் வையுங்கள். ஆனால் பெங்களூரில் பார்த்ததை அப்படியே கொண்டுவர வேண்டாம், உங்கள் தண்ணீருக்கு அது நிற்காது.

அந்தச் சுவரில் செடிகள் சின்னச் சின்னப் பெட்டிகளிலோ துணிப் பைகளிலோ இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் மண்தான், அதை உயிரோடு வைத்திருப்பது மேலிருந்து சொட்டும் குழாயும் மோட்டாரும். சித்திரை வெயிலில் கரண்ட் போய் மோட்டார் ஒரு நாள் ஓடவில்லை என்றால் மேற்கு வெயிலில் எல்லாம் கருகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு அந்தக் கைப்பிடி மண்ணிலேயே தங்கும், சொட்டு வாயும் அடைத்துக்கொள்ளும். அதோடு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இப்படிப்பட்ட சுவர்களில் அதிகம் வைக்கிற ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா இரண்டுக்குமே ஃப்ளோரைடு ஆகாது, இலை நுனி பழுத்துக் காய்ந்துகொண்டே வரும். ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரை ஊற்றலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

சரி, என்ன செய்யலாம்? வேர் தரையில் இருக்கட்டும், கொடி மட்டும் சுவர் உயரத்துக்கு ஏறட்டும். நம் ஊரில் பாகலுக்கும் புடலுக்கும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போடுகிறோம் இல்லையா, அதையே சுவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்த மாதிரி யோசியுங்கள். 12 அடிக் கல்தூண், 2 அடி மண்ணுக்குள், 10 அடி வெளியே, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஏழெட்டு அடிக்கு ஒரு தூண், நடுவில் ஜி.ஐ. கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினால் போதும். தூண் குழி அஸ்திவாரத்தை ஒட்டி வராமல் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை, ஓதம் இறங்க வழியில்லை, பின்னால் வெள்ளை அடிக்க ஆள் போகவும் இடம் இருக்கும்.

அந்த இடைவெளியை மட்டும் குறைக்காதீர்கள். உங்கள் 9 அங்குலச் செங்கல் சுவர் மத்தியானம் குடித்த வெயிலைத்தான் ராத்திரி அறைக்குள் விடுகிறது. கொடி வெயிலைச் சுவர் மேல் விழவிடாமல் தடுக்கிறது, நடுவில் காற்று ஓடிச் சூட்டை எடுத்துப் போகிறது. இலையும் சும்மா இருப்பதில்லை: ஒரு லிட்டர் தண்ணீர் இலை வழியே ஆவியானால் கிட்டத்தட்ட 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

செடிக்குழி 2 அடி நீளம், அகலம், ஆழம், அஸ்திவாரத்திலிருந்து 3 அடியாவது தள்ளி. செம்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம். காகிதப்பூ, ரங்கூன் மல்லி இரண்டும் இந்த வெயிலைத் தாங்கும், ஆனால் பந்தலை மூட ஒன்றிரண்டு வருஷம் எடுக்கும். அதுவரை இடையில் அவரை, பீர்க்கு, சங்குப்பூ ஏற்றிவிடுங்கள், மூன்றே மாதத்தில் நிழல் வரும், காயும் வரும். சுவரிலேயே ஒட்டி ஏறும் அத்திக்கொடியை நர்சரியில் ஆசை காட்டுவார்கள், வேண்டாம், பிய்த்தால் பெயின்ட்டும் பூச்சும் சேர்ந்து வரும். கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைக்கிற அரசையும் ஆலையும் விரலளவு இருக்கும்போதே பிடுங்குங்கள்.

பாம்பு வரும் என்று வீட்டில் பயப்படுவார்கள், நியாயமான பயம். கீழே 2 அடி வரை இலை இல்லாமல் கழித்துவிடுங்கள், சருகைக் கூட்டுங்கள், கொடி ஜன்னலைத் தொடாமல் வெட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

மாடிப் புல்தரைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. 6 அங்குல மண் மட்டுமே மழையில் நனைந்தால் 270 கிலோ பக்கம் வரும். இத்தாலியின் மிலன் நகரில் 2014இல் முடிந்த போஸ்கோ வெர்டிகாலே அடுக்குமாடிக் கோபுரங்களில் கிட்டத்தட்ட 800 மரங்கள் நிற்கின்றன என்றால், அந்த பால்கனிகள் வரைபடத்திலேயே மரத்தின் எடைக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டவை. உங்களுடையது காங்கிரீட் போட்டு முடித்த கூரை. நான் பார்த்த ஒரு வீட்டில் கேட்காமல் மண் கொட்டினார்கள், இரண்டே மழையில் கூரை ஒழுகியது, மண்ணை வாரிக் கீழே இறக்கவே ஒரு வாரம் ஆனது. மனசு கேட்கவில்லை என்றால் தேங்காய் நார்க் கழிவு கலந்த பைகளைச் சுவரும் பீமும் போகிற கோட்டின் மேல் மட்டும், செங்கல் மீது தூக்கி வையுங்கள்.

தண்ணீருக்கு மழையைப் பிடியுங்கள். உங்கள் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் கிடைக்கும். அரிசி, காய் கழுவிய தண்ணீரும் ஏ.சி.யில் சொட்டுவதும் குழிக்கே போகட்டும். போர் தண்ணீர்தான் கதி என்றால் தினமும் கொஞ்சம் தெளிக்காமல், நாலைந்து நாளுக்கு ஒருமுறை நன்றாக ஊற விடுங்கள், உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கும். தூணை இப்போதே நட்டுவிட்டு, செடியை ஆடியில் வையுங்கள், ஐப்பசி வரைக்கும் வருகிற மழையில் வேர் பிடித்துக்கொள்ளும்.